திறவுகோல் யார் கையில்?

மறையெழுத்து என்பது நிபுணர்களுக்கும் யந்திரங்களுக்கும் மட்டுமே உரிய துறை. சாதாரண மக்களுக்கு அதில் வேலையில்லை. நல்ல கைத்தொலைபேசி ஒன்றை வாங்கி, நல்ல செயலி ஒன்றை அதில் இட்டுக்கொண்டு, ஏனையவற்றை அறிந்தோரிடம் விட்டுவிடுதலே விவேகம். இவ்வாறானதொரு கருத்து இன்று படித்தவர் மத்தியிலே ஏறத்தாழ வேதவாக்காக நிலைபெற்றுவிட்டது. அதனை மறுத்துப் பேசுபவன் விஞ்ஞானம் அறியாதவன் என்றோ பழைமைப் பித்தன் என்றோ இலகுவில் ஒதுக்கப்படுகின்றான். இக்கருத்துத் தவறானது மட்டுமன்று, மக்களுக்குத் தீங்கு பயப்பதும் ஆகும் என்பதே எமது வாதம்.

வாதத்தைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. இன்று கணினிகளிலே பயன்படும் மறையெழுத்து முறைகளின் கணித அடிப்படை பலவீனமானது என்று நாம் கூறவரவில்லை. பல்லாண்டுக் காலமாகத் தலைசிறந்த கணித அறிஞர் பலர் தாக்கிப் பார்த்தும் அசையாது நிற்கும் முறைகள் அவற்றிலே உண்டு. நமது கேள்வி பூட்டின் வலிமை பற்றியதன்று. பூட்டைச் செய்தவன் யார்? திறவுகோலுக்கு மறுபிரதி ஒன்று அவனிடம் உண்டா? நாம் பூட்டும் வேளையில் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவன் யார்? இவையே நமது கேள்விகள்.

இவை வெறும் அறிவு விளையாட்டுக் கேள்விகளல்ல. திணைக்களம் ஒன்றிலே நடக்கும் ஊழலைக் கண்டு மனம் பொறாத எழுதுவினைஞர் ஒருவர் ஆவணமொன்றைப் பத்திரிகையாளருக்கு அனுப்புகின்றார். வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கும் தொழிற்சங்கத்தார் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றனர். காணாமற் போன மகனைத் தேடும் தாயொருத்தியின் வாக்குமூலத்தை வழக்கறிஞர் ஒருவர் பாதுகாத்து வைக்கின்றார். இவர்களது சீவனோபாயமும் சில வேளைகளில் உயிருமே மேற்கூறிய கேள்விகளின் விடையிலே தங்கியுள்ளன.

*

முதலில் ஒரு வரலாற்றை நோக்குவோம். சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பொரிஸ் ஹாகெலின் 1952ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலே ‘கிரிப்டோ ஏ. ஜி.’ என்னும் நிறுவனத்தை அமைத்தார். மறையெழுத்து யந்திரங்களைச் செய்து உலக அரசாங்கங்களுக்கு விற்பதே அதன் தொழில். நடுநிலை நாட்டிலே செய்யப்பட்டது என்பதே அப்பண்டத்துக்கு மிகப் பெரிய விளம்பரம். வல்லரசுகளிடம் வாங்க அஞ்சிய நாடுகள் சுவிற்சர்லாந்தின் மீது நம்பிக்கை வைத்தன. காலப்போக்கில் 120க்கு மேற்பட்ட நாடுகள் அதனிடம் யந்திரங்களை வாங்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் ஈரானும் இலத்தீன் அமெரிக்க இராணுவ ஆட்சிகளும் அந்த வரிசையிலே நின்றன.

1970ஆம் ஆண்டு அந்நிறுவனத்தை அமெரிக்காவின் சி. ஐ. ஏ.யும் மேற்கு ஜேர்மனியின் உளவுத்துறையும் கூட்டாகவும் இரகசியமாகவும் விலைக்கு வாங்கிக்கொண்டன. அன்று முதல், வாங்குவோர் கண்ணுக்குக் குறை தெரியாதவாறும், உரிமையாளர்கள் இலகுவில் உடைக்கத்தக்கவாறும் யந்திரங்கள் வடிவமைக்கப்பட்டு விற்கப்பட்டன. ஜேர்மனியர் 1993இல் விலகிக்கொண்டனர். அமெரிக்கர் 2018 வரை அதனை வைத்திருந்தனர். பத்திரிகைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் சேர்ந்து 2020 பெப்ரவரியில் உண்மையை வெளியிட்ட பின்னரே உலகம் அதனை முழுமையாக அறிந்தது. தமது இரகசியங்களைப் படிப்பதற்கான செலவையும் தாமே விலையாகக் கொடுத்து வந்தவர்கள் அந்நாட்டினர்.

அந்த வரலாற்றின் உள்ளே ஒரு தனிமனிதனின் கதையும் உண்டு. ஹான்ஸ் பூலர் என்பவர் அந்நிறுவனத்தின் விற்பனையாளர். 1992இல் ஈரானிலே கைது செய்யப்பட்டு, ஒன்பது மாதங்கள் சிறையில் விசாரிக்கப்பட்டார். அவரிடமிருந்து ஒன்றும் பெற முடியவில்லை. ஏனெனில் தாம் விற்ற யந்திரத்தின் உள்ளடக்கம் அவருக்கே தெரியாது. பணம் கட்டி அவரை மீட்ட நிறுவனம், மீட்டபின் வேலையிலிருந்து நீக்கியது. வாங்கியவன் அறியான், விற்றவனும் அறியான். அறிந்தவன் திரைமறைவில் இருந்தான்.

ஏமாந்தவற்றிலே சொந்த மக்களைக் கொன்று குவித்த ஆட்சிகளும் இருந்தன. அவற்றுக்காக நாம் கண்ணீர் சிந்தப்போவதில்லை. ஆனால், பல்கலைக்கழகங்களும் படைகளும் பொறியியலாளரும் உடைய அரசாங்கங்களே தம் கையிலிருந்த யந்திரத்தை ஆராய்ந்து உண்மை காண இயலாதிருந்தனவெனில், எழுதுவினைஞரும் தொழிற்சங்கத்தாரும் எவ்வாறு காண்பர்?

*

‘அது பழைய கதை, இன்று எல்லாம் பகிரங்கம், முறைகளை எவரும் ஆராயலாம்’ என்பர் நமது நண்பர்கள். அவ்வாறாயின் அண்மைக் காலத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய நியம நிறுவனம் எழுந்தமான எண்களை ஆக்குவதற்கான சில முறைகளை நியமமாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்றிலே, குறிப்பிட்ட சில எண்களைத் தெரிந்தெடுத்தவரிடம் இரகசியத் திறவுகோல் ஒன்று இருக்கக்கூடும் என்பதை மைக்ரோசொப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2007இலேயே எடுத்துக்காட்டினர். எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2013இல் எட்வேட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் அந்த ஐயத்துக்கு வலுவூட்டிய பின்னர், 2014இல் அம்முறை கைவிடப்பட்டது. பகிரங்கமாக இருத்தல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முறை நேர்மையாயிருப்பினும் கருவி நேர்மையாயிருத்தல் வேண்டும். இஸ்ரேலிய நிறுவனமொன்று அரசாங்கங்களுக்கு விற்கும் ‘பெகாசஸ்’ என்னும் உளவு மென்பொருள் மறையெழுத்தை உடைப்பதில்லை. உடைக்க வேண்டிய தேவையும் அதற்கில்லை. கைத்தொலைபேசியின் உள்ளே புகுந்து, செய்தி மறையெழுத்தாக மாறுமுன்னரே அதனைப் படித்துவிடுகின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் மனித உரிமையாளர் அஹமட் மன்சூர் 2016இல் தமக்கு வந்த ஐயத்துக்குரிய செய்தியைத் திறவாது ஆய்வாளரிடம் கொடுத்தமையால் அது அம்பலமாயிற்று. அவரது விழிப்புணர்வு அவரைக் காப்பாற்றவில்லை, 2017இல் கைதானார், அடுத்த ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 அளவிலோ அத்தகைய செய்தியொன்றைத் தொட்டுத் திறக்கவேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று. உரியவர் உறங்கும்போதே கருவி வசமாயிற்று.

2018 முதல் 2021 வரை ‘அனொம்’ என்ற பெயரிலே, ஒட்டுக்கேட்க முடியாதவை எனச் சொல்லப்பட்ட தொலைபேசிகள் குற்றக் கும்பல்களிடையே விற்கப்பட்டன. அவற்றை நடத்தியது அமெரிக்காவின் எப். பி. ஐ. ஏறத்தாழ 12,000 கருவிகளின் ஒவ்வொரு செய்தியும் பொலிசாருக்குப் பிரதியாகச் சென்றது. பிடிபட்டோர் போதைவஸ்துக் கடத்தற்காரர். நல்லதே என்று சிலர் மகிழக்கூடும். இன்று கடத்தற்காரனுக்கு விற்கத்தக்க கருவியை நாளை பத்திரிகையாளனுக்கு விற்பதற்கு யந்திர நுட்பத்திலே தடையேதும் இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணினித் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கென் தொம்சன், டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றி 1984இல் வெளியான உரையிலே இப்பிரச்சினையின் வேரைத் தொட்டார். மனிதர் எழுதும் நிரலை யந்திர மொழிக்கு மாற்றித் தருவதும் ஒரு நிரலே. அந்த மாற்றும் நிரலிலே சூது புகுத்தப்பட்டிருப்பின், நாம் எழுதிய நிரலை வரிக்கு வரி வாசித்தாலும் சூது தென்படாது. மாற்றும் நிரலை வாசித்தாலும் தென்படாதவாறு செய்யவியலும் என்பதை அவர் காட்டினார். ஆகவே, நாமே முழுவதும் ஆக்காத எதனையும் முழுவதும் நம்பவியலாது என்பதே அவர் கண்ட முடிவு. இதனைக் கூறியவர் யந்திரத்தை வெறுத்தவர் அல்லர். யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை ஆக்கியோருள் ஒருவர்.

நமது நாட்டுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்போருக்கும் விடையுண்டு. நமது கைகளிலே தவழும் தொலைபேசிகள் எங்கோ வடிவமைக்கப்பட்டு எங்கோ செய்யப்பட்டவை. செய்தி செல்லும் வழியும் நம்முடையதன்று: 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையிலே சமூக வலைத்தளங்கள் அரசாங்க ஆணையாலே முடக்கப்பட்டதை நாம் கண்டோம். கருவியும் பிறர் கையில், வழியும் பிறர் கையில் என்றிருக்கையில், திறவுகோலையாவது நம் கையில் வைத்திருக்க வழியுண்டா என்று கேட்பது பழைமைப் பித்தாகுமா?

*

வழியுண்டு. அதற்குப் பென்சிலும் தாளும் பள்ளிக்கூடக் கூட்டற் கணக்கும் போதும்.

இரகசியத்தை மனிதர் தாமே கணித்துக் காத்தல் நமக்குப் புதியதுமன்று. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி பொருளுக்குப் பெயர் மாற்றி வழங்குவதனைக் குழூஉக்குறி என வகுத்து நன்னூல் இலக்கணத்திலே இடமளித்தது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளிலே தரகரும் வாங்குவோரும் துண்டின் அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவர்; சுற்றி நிற்போர் நூறு பேர் பார்த்திருக்க, விலை இருவருக்கு மட்டுமே தெரியும். இவை வலிய முறைகள் என்று நாம் கூறவில்லை. இரகசியம் காத்தல் படித்த சிலரின் தனிச்சொத்து அன்று என்பதற்கே இவற்றைக் குறிப்பிடுகின்றோம்.

வலிய முறை எது? ‘ஒருமுறைத் தாள்’ என்பதே. செய்தியின் எழுத்துக்கள் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றன. தமிழெழுத்து 247க்கும் மூன்று இலக்க எண்கள் தாராளமாகப் போதும். இந்த மாற்றம் இரகசியமாயிருக்க வேண்டியதில்லை. இரகசியமாயிருக்க வேண்டியது, இருவரிடம் மட்டுமே உள்ள எழுந்தமான இலக்கங்களின் பட்டியல். செய்தி 471 எனவும் பட்டியலிலுள்ள இலக்கங்கள் 865 எனவும் கொள்வோம். ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டிப் பத்துக்களை விட்டுவிடுக: நான்கும் எட்டும் பன்னிரண்டு, இரண்டை எழுதுக, ஏழும் ஆறும் பதின்மூன்று, மூன்றை எழுதுக, ஒன்றும் ஐந்தும் ஆறு. அனுப்பப்படுவது 236. பெறுபவர் அதிலிருந்து 865ஐ இலக்கம் இலக்கமாகக் கழித்து, குறைவுபடும் இடத்திலே பத்தைச் சேர்த்துக்கொள்வாராயின் 471 மீண்டும் கிடைக்கும்.

இடையிலே 236ஐக் கைப்பற்றியவன் என்ன செய்வான்? 000 முதல் 999 வரையுள்ள ஒவ்வொரு திறவுகோலையும் பொருத்திப் பார்க்கலாம். 000 முதல் 999 வரை ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு முறை வரும். எது உண்மை என்று தெரிவு செய்ய அவனிடம் எவ்வித ஆதாரமும் இல்லை. உலகின் கணினிகள் அனைத்தையும் கூட்டி வைத்தாலும் இந்நிலை மாறாது. க்ளோட் ஷனன் 1949இல் வெளியிட்ட ஆய்விலே இதனைக் கணிதமுறையாக நிறுவினார். நிபந்தனைகளும் கடுமையானவை: இலக்கங்கள் மெய்யாகவே எழுந்தமானமாயிருத்தல் வேண்டும், செய்தியின் நீளத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும், ஒரு முறைக்கு மேல் பயன்படலாகாது, பயன்பட்டதும் எரிக்கப்படல் வேண்டும். எழுந்தமான இலக்கம் பெறுவதற்கும் யந்திரம் வேண்டியதில்லை. 0 முதல் 9 வரை எழுதிய பத்து ஒத்த சீட்டுக்களைப் பானையிலிட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து, குறித்து, மீண்டும் இட்டுக் குலுக்கினால் போதும்.

கடவுச்சொற்களுக்கும் இத்தகைய வழியுண்டு. 1995ஆம் ஆண்டு டூரிங் பரிசைப் பெற்ற மனுவெல் புளும் ஒரு முறையை வகுத்தார். ஒருவர் ஒவ்வோர் எழுத்துக்கும் தாமே எழுந்தமானமாகத் தெரிந்த ஓர் இலக்கத்தை மனனஞ் செய்கின்றார். அத்துடன் பத்து இலக்கங்களையும் கலைத்து வட்டமாக அமைத்த வரிசை ஒன்றையும் மனனஞ் செய்கின்றார். ஒரு தளத்தின் பெயரிலே முதலெழுத்தின் இலக்கத்தையும் இறுதியெழுத்தின் இலக்கத்தையும் கூட்டி, பத்தை விட்டு, வட்டத்திலே அவ்விலக்கத்துக்கு அடுத்திருப்பதை எழுதுகின்றார். எழுதியதனோடு அடுத்த எழுத்தின் இலக்கத்தைக் கூட்டி மேலே செல்கின்றார். முடிவிலே கிடைக்கும் இலக்கத் தொடரே கடவுச்சொல். கணக்கு முழுவதும் தலைக்குள்ளே நடக்கின்றது. கருவி கெட்டதாயினும் அது காண்பது ஒரு தளத்துக்கான விடையை மட்டுமே. திறவுகோல் அதன் கண்ணிற் படுவதேயில்லை. எத்தனை விடைகள் பகைவர் கையிற் சிக்கினால் திறவுகோல் ஊகிக்கப்படும் என்பதை ஆராய்ச்சியாளர் வெளிப்படையாகவே கணக்கிட்டுப் பார்க்கின்றனர். வலிமையின் எல்லையையும் உடன் கூறும் இந்த நேர்மையை எந்த விற்பனையாளனிடம் நாம் கண்டிருக்கின்றோம்?

*

இனி மறுப்புக்களை நோக்குவோம். அவற்றுள் வலியவையும் உண்டு. அவற்றை மழுப்புதல் ஆகாது.

கையால் ஆக்கும் மறையெழுத்து எளிதில் உடைபடும் என்பது முதலாவது. ஸ்கொத்லாந்து அரசி மேரி 1586இல் தமது மறையெழுத்தை நம்பிச் சதிக்கடிதம் எழுதினார், அது உடைபட்டது, அடுத்த ஆண்டு தலை வெட்டப்பட்டார். உண்மையே. பலவீனமான முறை, முறையேதும் இல்லாமையிலும் கேடானது. ஏனெனில் அது எழுதுபவரின் நாவை அவிழ்த்துவிடுகின்றது. ஆனால் மேரியின் கடிதங்களைச் சுமந்து சென்ற ஆளே எதிரியின் ஒற்றன் என்பதை மறத்தல் கூடாது. அத்தோடு, நல்ல கைமுறைகள் உடைபடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. 1953இல் நியூயோர்க்கின் புரூக்லினிலே பத்திரிகை விநியோகிக்கும் சிறுவன் ஒருவன் கையிற் கிடைத்த உட்குடைந்த நாணயத்தினுள்ளே எண்கள் நிறைந்த நுண்படம் ஒன்று இருந்தது. சோவியத் ஒற்றன் ரெய்னோ ஹெய்ஹானென் 1957இல் தானே சரணடைந்து முறையைச் சொல்லும்வரை அதனை எவராலும் வாசிக்க முடியவில்லை. அம்முறை பென்சிலால் ஆக்கப்பட்டது.

1999இல் வெளியான நீல் ஸ்டீபன்சனின் ‘கிரிப்டோனொமிகொன்’ நாவலுக்காகப் புரூஸ் ஷ்னையர் 54 சீட்டுக்கள் கொண்ட கட்டினால் இயங்கும் முறையொன்றை வகுத்தார். போல் குரோலி அதிலே குறை கண்டார்: அடுத்தடுத்து ஒரே விளைவு வருதல் 26க்கு ஒரு முறையாக இருக்க வேண்டியிருக்க, ஏறத்தாழ 22.5க்கு ஒரு முறையாக இருந்தது. ‘பார்த்தீரா, விளையாட்டுப் பொருள்!’ என்று நிபுணர் சிரிக்கலாம். நாமோ இதிலே வேறொன்றைக் காண்கின்றோம். முறை சிறியது, திறந்தது, ஆகையால் அதே ஆண்டிலேயே தனியொருவர் அதன் குறையைக் கண்டு உலகுக்குச் சொன்னார். சுவிற்சர்லாந்து யந்திரத்தின் குறை ஐம்பது ஆண்டுகளின் பின்னரே முழுமையாக வெளியாயிற்று. எது ஆபத்தானது?

ஒருமுறைத் தாளும் உடைந்ததே என்பது இரண்டாவது மறுப்பு. சோவியத் செய்திகள் சிலவற்றை அமெரிக்கர் 1940களிலே படித்த ‘வெனோனா’ வரலாற்றைச் சுட்டுவர். அங்கே நடந்தது என்ன? 1942இன் தொடக்கத்திலே, போர் நெருக்கடியின்போது, தாள்களை ஆக்கும் நிலையம் சில பக்கங்களுக்கு இரட்டைப் பிரதி எடுத்தது. பயன்படுத்தியவர்கள் அதை அறியார். அவர்கள் கூட்டியதிற் பிழையில்லை. திறவுகோலைப் பிறர் ஆக்கிக் கொடுத்ததிலேயே பிழை. இவ்வரலாறு நமது வாதத்துக்கே சாட்சி சொல்கின்றது.

மூன்றாவது மறுப்பே மிக வலியது: கைமுறை மெதுவானது; போராடும் மக்களுக்கு அதற்கு நேரமில்லை. தென்னாபிரிக்க விடுதலை இயக்கத்தின் அனுபவம் இதற்குச் சான்று. நிறவெறி ஆட்சிக் காலத்திலே உள்நாட்டிலிருந்த தோழர்கள் கையால் மறையெழுத்தாக்கும் வேலையிற் சலித்து, எழுதுவதையே குறைத்துக்கொண்டனர். இயக்கத்தின் தொடர்பு தளர்ந்தது. 1979இல் மரத்தாற் செய்த சாவிகளைக் கொண்டு பிரிட்டோரியாச் சிறையிலிருந்து தப்பிய டிம் ஜென்கின், பின்னர் இலண்டனிலிருந்து இதற்கு மாற்று வழி கண்டார். ‘வூலா’ நடவடிக்கைக்காக 1988 முதல் சிறு கணினிகள் பயன்பட்டன. செய்தி ஒலியாக மாற்றப்பட்டு, நாடாவிற் பதிவாகி, பொதுத் தொலைபேசி மூலம் கடல் கடந்து சென்றது.

ஆகவே யந்திரம் வென்றது என்று முடிவு கட்டுவோர் அரைப் பாதியை மட்டும் வாசிக்கின்றனர். அக்கணினியினுள்ளே ஓடியது என்ன? அதே ஒருமுறைத் தாள். எழுந்தமான இலக்கங்களை ஆக்கியவர் அவர்களே. வட்டுக்களிலே கொண்டு சென்றவர் அவர்களது நம்பிக்கைக்குரியோர். நிரலை எழுதியவர் அவர்களுள் ஒருவர். கையாற் செய்யத் தெரிந்திருந்தமையாலேயே, யந்திரம் எதனைச் செய்ய வேண்டும், எதனைச் செய்யலாகாது என்பதை அவர்களால் வரையறுக்க முடிந்தது. கைக்கணக்கு அறியாத கடைக்காரன் கணிப்பொறி காட்டும் தொகையை ஏற்றே ஆகவேண்டும். அறிந்தவன் யந்திரத்தைப் பயன்படுத்தியும் அதனைக் கேள்வி கேட்பான்.

நான்காவது மறுப்பு மறுப்பே அன்று. பணிந்து போவதற்கான சாட்டு. ‘மறைக்க வேண்டியது எனக்கு ஒன்றுமில்லை’ என்பர் சிலர். தமக்கு இல்லையாயின் நன்று. அவர்களிடம் வந்து உண்மை சொல்ல அஞ்சி நிற்பவருக்கு உண்டு. இரகசியம் காக்கத் தெரியாத ஆசிரியனிடம், வைத்தியனிடம், பத்திரிகையாளனிடம், ஏழை எளியவர் தம் துயரை நம்பிச் சொல்ல மாட்டார். இரகசியம் காத்தல் தன்னலம் அன்று. பிறர் நமக்களித்த நம்பிக்கைக்குச் செலுத்தும் கடன்.

*

மறுபுறத்திலே, கருவிகள் அனைத்தையும் வீசியெறிந்துவிட்டுத் தாளும் பென்சிலும் ஏந்துவோம் என்று ஆர்ப்பரிப்போரும் உளர். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. முன்பின் சந்தித்திராத இருவர் தமக்குள் இரகசியம் பேசுவதற்குக் கணினி தந்த வழியைப் பென்சில் தராது. பெரிய ஆவணங்களையும் படங்களையும் கையால் மறைத்தல் இயலாது. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதனை ஒருமுறைத் தாள் மறைப்பதில்லை. இடையிலே ஒருவன் இலக்கத்தை மாற்றிவிட்டால் அதனை அது காட்டிக்கொடுப்பதுமில்லை. எரிக்காது விட்ட தாள் வீட்டுச் சோதனையிலே சாட்சியமாக மாறும். மேசையின்மீது தொலைபேசியை வைத்துக்கொண்டு அதன் கண்முன்னே தாளில் எழுதுபவன் யாருக்காக எழுதுகின்றான்? இந்த எல்லைகளைச் சொல்லாது கைமுறையைப் பரப்புபவன், சுவிற்சர்லாந்து விற்பனையாளனின் தவறையே வேறு வழியிற் செய்கின்றான்.

நாம் கோருவது வேறு. 2005ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களிப்பு யந்திரங்கள் பயன்பட்டது பற்றி ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3ஆம் திகதி அளித்த தீர்ப்பை இங்கே நினைவுகூர்தல் தகும். தேர்தலின் முக்கிய படிகளை விசேட நிபுணத்துவ அறிவு இல்லாமலே குடிமகன் சரிபார்க்கக்கூடியதாயிருத்தல் வேண்டும். அதற்கு இடந்தராத அந்த யந்திரங்களின் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்பதே அத்தீர்ப்பு. யந்திரம் பிழை செய்தது என்று எவரும் நிரூபிக்கவில்லை. பிழை செய்ததா என்று சாதாரண மனிதன் பார்க்க முடியாதிருந்தமையே போதிய குற்றமாயிற்று. வாக்குச்சீட்டுக்கு ஏற்புடைய இந்நியாயம், மனிதனின் கடிதத்துக்கும் பேச்சுக்கும் ஏன் ஏற்புடையதாகாது?

நிபுணர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதிலிருந்தே பிறக்கின்றது. 1883இலேயே ஒகஸ்ட் கெர்க்கொப்ஸ், முறை எதிரியின் கையிற் சிக்கினாலும் கேடு விளையலாகாது என்று வகுத்தார். அந்த விதியை நிபுணர்கள் ஓயாது ஓதுகின்றனர். அதே பட்டியலின் இறுதியிலே அவர் வகுத்த இன்னொன்றையோ மறந்துவிட்டனர்: முறை பயன்படுத்த எளிதாயிருத்தல் வேண்டும், மனத்தை வருத்துவதாகவோ நீண்ட விதிகளை அறிந்திருக்கச் செய்வதாகவோ இருத்தலாகாது. மறந்ததன் விளைவே இன்றைய நிலை. மனிதனுக்கு எளிதாக்க வேண்டியதை மனிதனிடமிருந்தே பறித்து யந்திரத்திடம் கொடுத்துவிட்டனர்.

விதிவிலக்கானோர் உளர். புளும் அவர்களின் முறையை மேலே கண்டோம். அலன் காமின்ஸ்கி 2017இல், ஆறுக்கு ஆறு என அடுக்கிய 36 எழுத்துச் சில்லுகளைக் கையால் நகர்த்தி மறையெழுத்தாக்கும் முறையொன்றை வெளியிட்டார். செய்தி இடையிலே மாற்றப்பட்டதா என்று பார்ப்பதற்கும் அதிலே வழியுண்டு. மோனி நாவோரும் அடி ஷமிரும் 1994இல், இரு ஒளிபுகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வெறுங்கண்ணுக்கே செய்தி தோன்றும் முறையைக் காட்டினர். இவை துறையின் ஓரத்திலே கிடக்கும் வேடிக்கைகள் அல்ல. மையத்துக்கு வரவேண்டிய முயற்சிகள். ‘நீயாக மறையெழுத்து ஆக்காதே’ என்று எச்சரிக்கும் நிபுணர், ‘நீ கையால் ஆக்கத்தக்க நல்ல முறை இது, இதன் வலிமை இவ்வளவு, இதன் எல்லை இவ்வளவு’ என்று ஒன்றைக் காட்டவும் கடமைப்பட்டவர். பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளங்கும் மொழியிலே, அவனது தாய்மொழியிலே அதனைச் சொல்லவும் கடமைப்பட்டவர்.

நமது ஆசிரியர்களுக்கும் இதில் வேலையுண்டு. பத்துக்களை விட்டுக் கூட்டும் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பாடவேளையிலே கற்றுக்கொள்ளும். பானைச் சீட்டாலே எழுந்தமானம் என்றால் என்ன என்று காட்டலாம். ஒரே திறவுகோலை இருமுறை பயன்படுத்தினால் செய்தி எவ்வாறு வெளிப்படும் என்பதை மாணவர் தாமே உடைத்துப் பார்க்கலாம். உடைத்துப் பார்த்த பிள்ளை, நாளை எந்த விற்பனையாளன் ‘இது உடையாது’ என்று கூறினாலும், ‘காட்டு’ என்று கேட்கும். பத்திரிகையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தம் உறுப்பினருக்கு இந்த அரிச்சுவடியைக் கற்பித்தல் வேண்டும். அவர்கள் நாள்தோறும் தாளில் எழுதுவதற்காக அன்று; தொலைபேசியை நம்பவொண்ணாத ஒரு நாள் வரும்போது வாயடைத்து நில்லாதிருப்பதற்காக; ஏனைய நாட்களிலே கருவியிடம் எதனை ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது என்று தாமே தீர்மானிப்பதற்காக.

எழுத்தறிவு ஒரு காலத்திலே சிலருக்கே உரியதாயிருந்தது. கடிதம் எழுதவும் வாசிக்கவும் தெரியாதவன் தன் குடும்ப இரகசியம் முழுவதையும் அயலாரிடம் சொல்லி எழுதுவித்தான்; அயலார் சொன்னதையே வந்த கடிதத்தின் பொருளாக ஏற்றான். அந்த நிலையை மாற்றுவதற்கு இந்நாட்டு மக்கள் பல தலைமுறையாக உழைத்தனர். இன்று நாம் அனைவரும் எழுதத் தெரிந்தவர்கள். எழுதியதை மூடத் தெரியாதவர்கள். மூடித் தருகின்றேன் என்று வந்தவனை நம்பிக் கடிதத்தைத் திறந்தபடியே கொடுத்துவிடுகின்றோம். இந்த அறியாமையை இயற்கையென்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பத்து இலக்கங்களும் கூட்டற் கணக்கும் எல்லார்க்கும் பொது. அவற்றைக் கொண்டு தனது சொல்லைத் தானே காக்கும் அறிவு எல்லார்க்கும் பொதுவாகும்வரை, எவ்வளவு உறுதியான பூட்டு விற்பனைக்கு வந்தாலும், திறவுகோல் யார் கையில் என்று கேட்டுக்கொண்டேயிருத்தல் நமது கடமையாகும்.